கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

என் வேலையில் முதல் எதிரி இரும்பு. இரண்டாவது எதிரி நோயாளியின் சொந்தக்காரர்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு குளிர்ந்த அறையில், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறவள் நான். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். வேலை முடிந்ததும் அணைத்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை, எந்நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சாவிக்கொத்தோடு உள்ளே போனால் சாவிக்கொத்து பறக்கும். மோதிரம் இருக்கிறதா, கொண்டை ஊசி இருக்கிறதா, பல் செட் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது. இல்லை என்பார்கள். இருக்கும்.

ஃபிளாஸ்க் அக்காவை நான் முதலில் பார்த்ததே அவரைப் பார்த்துக் கத்தியபோதுதான். யாரோ ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர், ஒரு கையில் பெரிய ஃபிளாஸ்க்கோடு நேரே காந்த அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். "அம்மா தாயே, அங்கேயே நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவருக்கு வந்திருந்த தலைவலி இன்னும் கூடியிருக்கும். அந்த அம்மா மட்டும் அசரவில்லை. "வெந்நீர்தான் மேடம், குண்டு இல்ல" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் தளத்தில் அவருக்கு ஃபிளாஸ்க் அக்கா என்றுதான் பெயர். வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு ஏஜென்சி அனுப்பும், இவர் போவார். அந்த வீட்டு ஆள் போய்ச் சேர்ந்தால் வேறு வீடு. ஏழெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரோடு என்னிடம் வந்துவிட்டார். ஒருவரோடு வந்தவர் அடுத்த முறை இன்னொருவரோடு வந்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார்.

முன்பு தையல் கம்பெனியில் இருந்தாராம். நாள் முழுக்க சட்டைக் காலர் மட்டும் தைப்பது. "முழுச் சட்டை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு மேடம்" என்பார். கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து சமைக்கிறார். "அவர் விழுந்தது பெரிய விஷயம் இல்ல, சமைக்க ஆரம்பிச்சதுதான் கொடுமை" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போதுகூடக் கண் செருகிக்கொண்டுதான் இருக்கும். பகலில் ஒரு வீடு, இரவில் இன்னொரு வீடு என்று இரண்டு இடத்தில் வேலை பார்த்தார். ஏஜென்சி இதை அனுமதிக்காது. தெரிந்தால் இரண்டும் போய்விடும். எப்போது தூங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "பஸ்ல. நின்னுக்கிட்டே தூங்குவேன். ஸ்டாப் வந்தா கால் தானா இறங்கிடும்."

பகல் வீடு ஒரு ரிட்டயர்டு டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், ஒரு காது அடியோடு போய், மற்ற காதில் மெஷின் வைத்தால்தான் கேட்கும் என்ற நிலை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மூன்று வருஷமாக அவரோடுதான் அக்கா இருந்தார். டீச்சரின் முதுகு எலும்பைப் படம் எடுக்க ஒரு முறை வந்தபோது இரண்டு பேரும் சீட்டு விளையாடியபடி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "டீச்சரம்மா சீட்டுல திருடுவாங்க மேடம், கண்டுக்காதீங்க" என்று அக்கா என் காதில் சொன்னார். காது கேட்காது என்று பெயர்தான். "திருடினா கண்டுபிடி" என்றார் டீச்சர்.

அந்த டீச்சரைத்தான் ஒரு நாள் முற்பகலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து என் தளத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை துணி போலத் தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கூட அவருடைய மகன், ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அப்படியே ஓடி வந்திருந்தார். பின்னால் ஃபிளாஸ்க் அக்கா. அன்று கையில் ஃபிளாஸ்க் இல்லை. செருப்பும் இல்லை.

நரம்பு டாக்டர் கூடவே நடந்து வந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து யார் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடலாம். அதைத் தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். அதனால் நேரம் தெரியாமல் ஊசியைத் தொட மாட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு மனிதர்கள் சொல்கிற பதிலை எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் குடும்பம் என்ற ஏற்பாட்டின் மேலேயே சலிப்பு வந்துவிட்டது. ஒரே வீட்டில் இருப்பார்கள். கடைசியாக எப்போது முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள் என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். "அவர் எப்பவுமே அப்படித்தான் டாக்டர், பேச மாட்டார்" என்றாள் ஒருத்தி, கணவருக்குப் பேச்சு போய் அரை நாள் ஆன பிறகு. குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. என் வீட்டுக்காரர் இன்று காலை என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் நானும் விழிப்பேன்.

டீச்சரின் மகன் சொன்னார்: "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தாங்க. காலையில நான் சீக்கிரமே கிளம்பிட்டேன். எட்டிப் பார்க்கல."

"காலையில யார் பார்த்தது?"

"நான்தாம்மா" என்றார் அக்கா. "விடிஞ்சதும் வந்துட்டேன். எட்டிப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தாங்க. அப்புறம் வெயில் ஏறினப்புறம் போய்ப் பார்த்தா, கட்டில் ஓரத்துல இப்படிச் சாஞ்சு கிடக்கிறாங்க."

"தூங்கினதைப் பார்த்தது கணக்கு இல்லம்மா. தூக்கத்துலயே வந்திருக்கலாம். அப்போ நேத்து ராத்திரியிலிருந்துதான் நாம எண்ணணும்."

மகனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்போ ஊசி கிடையாதா?"

"கடிகாரம் சொல்லலேன்னா படத்தைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். வயதில் என் மகளாக இருக்கலாம், ஆனால் பேசத் தெரிந்த பெண். "சுவருக்குள்ள குழாய் அடைச்சு உடைஞ்சுபோச்சுன்னு வைங்க. தண்ணி வரலைங்கிறது உடனே தெரிஞ்சிடும். சுவர்ல ஈரம் ஊறி வெளியே தெரிய நேரமாகும் இல்லையா? இதுவும் அப்படித்தான். ரெண்டு விதமா படம் எடுப்போம். மொதல் படத்துல அடைப்பு உடனே தெரியும். ரெண்டாவது படத்துல அதே இடம் தெரிய சில மணி நேரமாகும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லேன்னா இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, ஊசி போடலாம். ரெண்டுலயும் இருந்தா காலம் கடந்துபோச்சு."

மகன் தலையை ஆட்டினார். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் என் பாட்டைத் தொடங்கினேன். மோதிரத்தை அக்கா எண்ணெய் தடவிக் கழற்றினார். பல் செட்டை எடுத்தார். கொண்டை ஊசிகளை விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக உருவினார். நான் டீச்சரின் தலையைத் திருப்பி, காதிலிருந்த மெஷினை எடுத்து அக்கா கையில் வைத்தேன். மெஷின் அவர் உள்ளங்கையில் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, நகருங்க" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு டீச்சரை உள்ளே கொண்டுபோனேன்.

முதல் படம் வந்ததுமே தெரிந்துவிட்டது. மூளையின் இடது பக்கத்தில் பளீரென்று வெள்ளை, கட்டை விரல் அகலத்துக்கு. பேச்சும் வலது கையும் இருக்கிற இடம். இரண்டாவது படத்துக்கு நானும் டாக்டரும் திரையை முறைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதே இடத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் தலையெழுத்து, வந்தது இரண்டும்கெட்டானாக இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு மங்கல். மெஷினின் கோளாறா, டீச்சர் தலையை அசைத்ததா, உண்மையிலேயே ஈரம் ஊறத் தொடங்கிவிட்டதா?

டாக்டர் போனை எடுத்து மேல் தளத்தில் படம் பார்க்கிற டாக்டரைப் பிடித்தார். அவரும் அங்கே தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எப்படிப் பார்க்கிறீங்க சார்?" என்பதும், "எனக்கும் அப்படித்தான் படுது, ஆனா உறுதியா சொல்ல முடியல" என்பதும், "வயசையும் பாருங்க" என்பதும் என் காதில் விழுந்தன. நான் டீச்சரை வெளியே இழுத்துப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, போர்வை எடுக்க நடைபாதைக்கு வந்தேன். அங்கே அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். மகன் தூரத்தில் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

"படத்துல என்ன மேடம் வந்துச்சு?"

"டாக்டர் சொல்வாங்க அக்கா." இது நாங்கள் எல்லோருக்கும் சொல்கிற பதில்.

"புதுசா, பழசா? அத மட்டும் சொல்லுங்க."

"அதுதான் அவங்களுக்கே தெரியல. பாதிக்குப் பாதி."

அவர் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். காது மெஷின் வியர்வையில் நனைந்திருந்தது. "இத நான் வைக்கல மேடம். நேத்து ராத்திரி கிளம்பும்போது நான்தான் கழட்டி டப்பாவுல போட்டு, மேல அவங்க மூக்குக் கண்ணாடிய வச்சேன். காலையில எட்டிப் பார்த்தப்போ கண்ணாடி அப்படியே டப்பா மேலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவங்களே எந்திரிச்சு, அவங்க கையால எடுத்து மாட்டியிருக்காங்க. அப்போ கை நல்லா இருந்திருக்கு."

நான் கேட்டேன்: "நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்ல, நாற்காலியில. ராத்திரி அந்த வீட்டுல அந்த ஆளு கண்ண மூட விடல. சும்மா அஞ்சு நிமிஷம்னு உக்காந்தேன்." அவர் குரல் உடையவில்லை, களைத்துத்தான் இருந்தது. "காது கேக்காதவங்க மெஷின மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. காது கேக்குற நான் குறட்டை விட்டுட்டு இருந்திருக்கேன். எத்தன தடவ கூப்பிட்டாங்களோ."

அவரே சொன்னார்: "பழசா இருந்துட்டா நல்லதுன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் மேடம். ராத்திரியே வந்திருந்தா எம்மேல தப்பு இல்லையே. அப்படியும் ஒரு நெனப்பு வந்துச்சு. சீ, என்ன ஜென்மம் நான்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவர் மேல் இல்லை. அவர் வாயைத் திறந்தால் டீச்சருக்குக் கையும் பேச்சும் கிடைக்கலாம், இவருக்குப் பிழைப்பு போய்விடும். மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. காது மெஷின் என்றைக்காவது யாரையாவது காட்டிக்கொடுத்திருக்கிறதா? இப்படி ஒரு நியாயத்தை ஒரு நடைபாதையில், வெறுங்காலோடு நிற்கிற ஒரு பெண்ணின் தலையில் கட்டினது யார்? சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

டாக்டர் வெளியே வந்து மகனைக் கைகாட்டி அழைத்தார். "படம் தெளிவா இல்ல. புதுசுன்னு சொல்லத்தான் தோணுது, ஆனா தைரியமா ஊசி போட இது போதாது. காலையில யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது..."

"பேசல" என்றார் மகன். "யாரும் பேசல."

"அம்மா காலையில எந்திரிச்சாங்க சார்" என்றார் அக்கா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அக்கா காது மெஷினை நீட்டியபடி, அதன் கதையை முதலிலிருந்து சொன்னார். டப்பா, கண்ணாடி, எல்லாம். அவசரப்படவும் இல்லை, அழவும் இல்லை. டாக்டர் குறுக்கே கேட்டார்: "நீங்க வந்தப்போ கண்ணாடி மேல இருந்தது நிச்சயமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, இதுல உயிர் இருக்கு."

"நிச்சயம். திரைய விலக்கினேன், கண்ணாடியில வெயில் பட்டுக் கண்ணு கூசிச்சு. டப்பா அதுக்கு அடியில இருந்துச்சு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாய்க்குள் கூட்டிக் கழித்தார். "அப்போ நேரம் இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மகனிடம் ஆபத்துகளை மளமளவென்று எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்டார். மகன் சரி என்றார். டாக்டர் ஓடினார்.

மகன் மட்டும் அங்கேயே நின்றார். "அம்மா எந்திரிச்சு, மெஷின் மாட்டி, விழுந்திருக்காங்க. அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"தூங்கிட்டேன் சார்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துத்தான் இருந்தது. "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார். அக்கா காது மெஷினை அவர் கையில் கொடுத்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தையும் பல் செட்டையும் கொடுத்தார். "மெஷினுக்கு பேட்டரி மாத்தணும் சார், சத்தம் குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். லிஃப்ட் இருந்தது.

ஏஜென்சிக்குப் போன் போனது. அவர்கள் கேள்வி கேட்டதில் இரவு வீடும் வெளியே வந்தது. இரண்டும் போயின. கொஞ்ச நாள் கழித்து அக்காவே எனக்குப் போன் செய்தார். ஏஜென்சி இல்லாமல், தெரிந்தவர் மூலமாக, நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பகல் மட்டும். டீச்சரைப் பற்றிக் கேட்டார். பேச்சு திரும்புகிறதாம், கையில் பிடிப்பு வருகிறதாம் என்றேன். "அது போதும்" என்றார். பிறகு, "அன்னைக்கு என்னைக் கூப்பிட்டாங்களான்னு மட்டும் தெரியல. தூங்கப் போனா அதுதான் காதுல கேக்குது. நான் ஒருத்தி, தூக்கம் வர்ற எடத்துல எல்லாம் தூங்குனவ, இப்போ படுத்தா தூக்கம் வரல" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன். இதைவிட உதவாத வார்த்தை வேறு கிடையாது.

சில வாரங்கள் கழித்து டீச்சர் மறுபடி படம் எடுக்க வந்தார். ஊன்றுகோலோடு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து. ஆனால் நடந்து வந்தார். மோதிரத்தைக் கழற்ற நான் குனிந்தபோது, தானே கையை நீட்டினார். வலது கைதான்.

"அவ... எங்க?" என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே தேடித் தேடிப் பேசினார். "இங்க... வருவாளா? எங்கிட்ட... சொல்லாமகூட... நின்னுட்டா."

நான் மகனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அக்காவே நின்றுவிட்டதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்பது புரிந்தது. இத்தனை வருஷமாக எதைப் பார்த்தாலும் டாக்டர் சொல்வார் என்று சொல்லிப் பழகிய வாய்தான் என்னுடையது. அன்று அடங்கவில்லை.

"அவங்களா நிக்கல டீச்சர். நிறுத்திட்டாங்க."

டீச்சர் மகன் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை அந்தப் பார்வை உட்கார வைத்திருக்குமோ. "ஏன்?"

"தூங்கிட்டாங்கம்மா" என்றார் மகன் மெல்ல. "நீங்க விழுந்தப்போ ஹால்ல தூங்கிட்டு இருந்திருக்காங்க. நீங்க கூப்பிட்டதுகூடக் கேக்காம."

டீச்சர் தலையை ஆட்டினார். இல்லை என்று. வாய் திறந்தது, சொல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினார். நானும் மகனும் காத்திருந்தோம்.

"நான்... கூப்பிடல" என்றார். "எந்திரிச்சு... வாசப்படி வரைக்கும் போனேன். பார்த்தேன். வாயத் திறந்துக்கிட்டு... தூங்கறா. கொழந்த மாதிரி. பாவம், தூங்கட்டும்னு... திரும்பி வந்து... உக்காந்தேன்."

மகன் அம்மாவின் ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு, அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. டீச்சரைப் படுக்கவைத்து மெஷினை ஓட விட்டுவிட்டு, காந்த அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே போன் போட்டேன். டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். கூப்பிடவே இல்லையாம் அக்கா, இனிமேலாவது நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எழுப்பியிருக்கலாமே மேடம்" என்றார் அக்கா. அப்போதுதான் அவர் அழுது நான் கேட்டேன். "ஒரு குரல் குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பேனே. பக்கத்துல இருந்திருப்பேனே. என்னை எழுப்பியிருக்கலாமே."

யாரோ அவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வந்துட்டேங்க" என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.